வண்டி மக்கர் பண்ணுதா?

அப்பாவோட பழைய மாருதி 800-ல குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலுக்கு நண்பர்களோட கிளம்பறீங்களா? 1983-ல் வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதிலும் கார்புரேட்டர் மாடல்னா, கொஞ்சம் கைவைத்தியம் தெரிஞ்சிருக்கணும் பாஸ்!

சாவியைத் திருப்பினா 'டிக்'னு மட்டும் சத்தமா? ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி திருப்புங்க. வெளிச்சம் மங்கினா பேட்டரி வீக், இல்லேன்னா டெர்மினல்ல உப்பு பூத்திருக்கும். முதல்ல சுத்தம் பண்ணி இறுக்கிப் பாருங்க. புது பேட்டரி செலவு மிச்சமாகலாம்.

இன்ஜின் சுத்தியும் ஸ்டார்ட் ஆகலையா? பெட்ரோல் வாடை குப்புனு அடிச்சா ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சபடி திருப்புங்க. வெயில்ல ஓடி நின்ன வண்டின்னா, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போட்டு ஆறவிடுங்க.

கார்புரேட்டர்ல பெட்ரோலை ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்ற ஐடியா மணி ஒருத்தர் எங்கேயும் இருப்பார். கும்பிடு போட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்க. ஒரே ஒரு பேக்ஃபயர் போதும்... முகமே கருகிடும்!