ராயபுரமா, எண்ணூரா?

ராயபுரத்தில் காலையில் காயப்போட்ட வேட்டியை மாலையில் எடுத்தால் அதில் கரி படிந்திருக்கும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசிதான் காரணம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இனி அங்கே கையாளக் கூடாது, எண்ணூருக்கு மாற்றுக என்று உத்தரவிட்டது. ராயபுரம் மூச்சு விட்டது. எண்ணூர்?

இங்கே எடைபோட வேண்டியவை மூன்று: ராயபுரத்தின் காற்று, அனல்மின் நிலையச் சாம்பலால் ஏற்கெனவே நலிந்த எண்ணூர்க் கழிமுகம், சென்னைத் துறைமுகத்தின் வருமானம். ஒரு நுரையீரலுக்கு எத்தனை ரூபாய்? ஒரே தராசில் நிறுக்க முடியாது. 1970-களில் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் சாட்டி ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்காமல் இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும்.

ராயபுரவாசி ஒருவர், காற்று கழிமுகத்தைப்போல் 3 மடங்கு முக்கியம், கழிமுகம் வருமானத்தைப்போல் 2 மடங்கு என்கிறார் என்று கொள்வோம். அப்படியானால் காற்று வருமானத்தைப்போல் 6 மடங்கு ஆக வேண்டுமல்லவா? "அதுவும் 2 மடங்குதான்" என்றால் முன்னுக்குப்பின் முரண். சிறு முரணை இம்முறை பொறுத்துக்கொள்ளும். மிஞ்சினால் மறுபடி யோசிக்கச் சொல்லும். நம் பெரியவர்களின் கூட்டங்களில் இது ஒன்றுக்காகவே இதைக் கட்டாயமாக்கலாம்!

முரணில்லாவிட்டால் எடைகள் 6:2:1. காற்று எண்ணூருக்கு மாற்று என்கிறது; கழிமுகமும் வருமானமும் மாற்றாதே என்கின்றன. ஆக 6-க்கு 3, மாற்றலாம். அடுத்து எண்ணூர் மீனவரைக் கேளுங்கள். அவருக்குக் கழிமுகம் காற்றைப்போல் 3 மடங்கு, காற்று வருமானத்தைப்போல் 2 மடங்கு. இப்போது மாற்றுவதற்கு 2, மாற்றாமைக்கு 7. கணக்கில் பிழையில்லை, விடை தலைகீழ்!

அதனால் இம்முறை பயனற்றது என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்பமாட்டேன். சண்டை எங்கே இருக்கிறது என்பதை அது விரல்விட்டுக் காட்டிவிட்டது. யாரைக் கேட்டு எண் போட்டார்கள் என்பதே முதல் கேள்வி. மீனவரைக் கேளாமல் போட்ட அட்டவணை எத்தனை தசமத்தானம் வரை துல்லியமாக இருந்தாலும் எனக்கு ஏற்புடையதல்ல.

இன்னொன்று. நாம் எழுதிய வழிகள் இரண்டே. நிலக்கரியை முழுக்க மூடிய பாதையில் இறக்கி ஏற்றுவது என்று மூன்றாவது வழியைச் சேர்த்தால் இருவர் கணக்கும் என்ன ஆகும்? ஒவ்வொரு வழிக்கும் நீங்களே எண் கொடுத்து, வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து போட்டுப் பாருங்கள். ஒரு குழு ராயபுரம், மற்றது எண்ணூர்.