பழமலைப் பிள்ளைகள் மலை ஏறவேண்டும்!

"தாத்தா, நம்ம ஊர் மலை எங்கே இருக்கு?"

விருத்தாசலத்தில் பிறந்த பிள்ளைகள் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். கேட்பதில் தவறு இல்லை. "விருத்தம்" என்றால் பழையது. "அசலம்" என்றால் மலை. ஊரின் பழைய தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். கோவிலில் இருக்கும் சாமியின் பெயர் பழமலைநாதர். ஊர்ப் பெயரிலும் மலை. சாமி பெயரிலும் மலை! ஆனால் கோவிலை விட்டு வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தால், மலையைக் காணோம். எங்கும் சமவெளிதான்.

தாத்தா என்ன சொல்வார்? "சிவபெருமான் முதன்முதலில் மலையாக நின்ற இடம் இதுதான். மற்ற மலைகள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை" என்று தலபுராணக் கதையைச் சொல்வார். பேரப்பிள்ளை கைகூப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும். அதோடு மலைப் பேச்சு முடிந்துவிடும்.

அது அங்கே முடியக்கூடாது. மலையின் பெயரைச் சுமக்கும் ஊரின் பிள்ளைகள், வாழ்நாளில் ஒரு மலையையாவது அடிவாரத்தில் இருந்து உச்சிவரை ஏறிப் பார்க்கவேண்டும். பணம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்ல. சூளையில் வேலை செய்பவரின் பிள்ளைகளும் ஏறவேண்டும்.

சூளைக்குள் மலை

விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, ஜாடி, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டை என்று பல பொருள்கள் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. மண்ணை நம்பித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது.

அந்த மண் எங்கே இருந்து வந்தது?

மலைப்பாறையில் பெல்ஸ்பார் என்று ஒரு பொருள் உண்டு. வெயிலும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையைத் தாக்கும்போது, இந்தப் பெல்ஸ்பார் சிறுகச் சிறுக மாறி வெள்ளைக் களிமண் ஆகிறது. பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற இன்னொரு பொருள் எளிதில் கரையாது. அது உடைந்து மணல் ஆகிறது. பீங்கான் செய்ய என்ன வேண்டும்? களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் - இந்த மூன்றும்தான் வேண்டும். மூன்றையும் அரைத்துக் கலந்து, உருவம் செய்து, 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால் பீங்கான்! அதாவது, பாறை உடைந்து மண் ஆனது. மண்ணைச் சுட்டு மனிதன் மறுபடியும் பாறை ஆக்குகிறான்.

ஊரை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? மேற்கே கல்வராயன் மலையில் பிறக்கிறது. அங்கே இருந்து இறங்கி, விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. ஆற்றில் கிடக்கும் ஒவ்வொரு பிடி மணலும் மலையில் இருந்து புறப்பட்டு வந்ததுதான்.

சுந்தரர் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இயற்கையும் அதைப்போலத்தான் செய்கிறது. மலையில் போட்டதை ஆற்றங்கரையில் எடுத்துக்கொடுக்கிறது!

இதைப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் பரீட்சையோடு மறந்துவிடும். மலைமீது ஏறி, பாறை வெடித்திருப்பதையும், வெடிப்பில் மண் சேர்ந்திருப்பதையும், அந்த மண்ணில் செடி முளைத்திருப்பதையும் கண்ணால் பார்த்த பிள்ளை சாகும்வரை மறக்காது.

கடலோரத்து மலை

ஐரோப்பாவில் கிரேக்க நாடு இருக்கிறது. மத்தியதரைக் கடல் ஓரத்து நாடு. அங்கே லித்தோகோரோ என்று ஒரு சிற்றூர். ஊரில் இருந்து கடல் கூப்பிடு தூரம். ஊருக்குப் பின்னால் ஒலிம்பஸ் மலை, 2,917 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. கைலாயத்தில் சிவன் இருப்பதாக இங்கே நம்புவதுபோல், ஒலிம்பஸ் மலையில் 12 தெய்வங்கள் இருப்பதாகப் பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள்.

1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அந்த மலையின் உச்சிச் சிகரத்தில் மூன்று பேர் கால் வைத்தார்கள். இருவர் சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஒருவர் புகைப்படக்காரர் பிரெடரிக் புவாசோனா. மற்றவர் அவருடைய நண்பர் டானியல் போ-போவி. மூன்றாவது ஆள் யார்? லித்தோகோரோவைச் சேர்ந்த வேட்டைக்காரர் கிறிஸ்தோஸ் காக்கலோஸ். வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டிப் போனவர் அவர்தான்.

இன்று அந்த மலையின் மேலே, ஏறுகிறவர்கள் இரவு தங்க ஒரு விடுதி இருக்கிறது. அதற்குக் காக்கலோஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1938-ஆம் ஆண்டிலேயே மலையைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாதைகளுக்கு அடையாளம் போட்டார்கள். ஊர்க்காரனை மதித்தார்கள், மலையைக் காத்தார்கள். அதனால் மலை அந்த ஊருக்குச் சோறு போடுகிறது.

நம் மக்கள் சளைத்தவர்களா?

"நம் பிள்ளைகளுக்கு மலை ஏறத் தெம்பு ஏது?" என்று யாராவது கேட்டால், அவர்கள் வெள்ளியங்கிரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கையில் மூங்கில் தடியோடு ஏழு மலைகளைத் தாண்டிப் போகிறவர்கள் யார்? உழவரும், தறிக்காரரும், கடைச் சிப்பந்தியும்தான்! சதுரகிரிக்கும், பர்வதமலைக்கும், சபரிமலைக்கும் போகிறவர்களும் அவர்களே. பக்திக்காக ஏறும் கால்கள் அறிவுக்காகவும் ஏறலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல.

1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் உச்சியில் ஹில்லாரியோடு நின்ற டென்சிங் ஏழை வீட்டுப் பிள்ளை. சுமை தூக்கப் போய், மலை ஏறக் கற்றவர். 2023-ஆம் ஆண்டு எவரெஸ்டில் ஏறிய முத்தமிழ்ச்செல்வி, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த பெண். "பெண் பிள்ளைக்கு எதற்கு மலை?" என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

பயம் நியாயமானதே

ஆனால் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. காரணம் இருக்கிறது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலை ஏறிவிட்டு இறங்கி வந்தவர்களை அது வளைத்துக்கொண்டது. 20 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். கோடையில் மலைச்சரிவுப் புல் பஞ்சாகக் காய்ந்திருக்கும். தீ கீழே இறங்குவதைவிட மேலே வேகமாக ஏறும். காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதனால் ஓடித் தப்ப முடியாது. இது தெரியாமல் காட்டில் நுழைவது ஆபத்து.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, மலையேற்றத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. கட்டணம் கட்டிப் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் அழைத்துப் போகிறார்கள். மலைவாழ் இளைஞர்களுக்கு இதனால் வேலை கிடைக்கிறது. காக்கலோசுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்கும் கிடைக்கட்டும்!

பயத்துக்கு மருந்து வீட்டில் பூட்டி வைப்பது அல்ல. வழி தெரிந்தவரோடு, அனுமதியோடு, காலம் பார்த்துப் போவதுதான்.

எங்கே தொடங்கலாம்?

முதல் மலையே பெரிய மலையாக இருக்கவேண்டியது இல்லை. செஞ்சிக் கோட்டை இருக்கிறதே! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் உண்டு. உச்சியில் ரங்கநாதர் கோவில் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் செஞ்சியையும் சேர்த்தது. காலையில் புறப்பட்டால் ஏறி இறங்கி, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

அடுத்த ஆண்டு, வனத்துறை அனுமதியோடு கல்வராயன் மலைக்குப் போகலாம். 2,000 அடி முதல் 3,000 அடிவரை உயரம் உள்ள மலை. தினமும் பார்க்கும் மணிமுத்தாறு எந்த மலையில் பிறக்கிறது என்று பிள்ளைகள் நேரில் பார்ப்பார்கள். அங்கே வாழும் மலைவாழ் மக்களிடம் மரத்தின் பெயரும் மூலிகையின் பெயரும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

போகும்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும். வெயில் ஏறும் முன்பே மலை ஏறத் தொடங்கவேண்டும். தண்ணீர், தேய்ந்து வழுக்காத செருப்பு, தொப்பி அவசியம். புல் காய்ந்த கோடையிலும், இடி மழைக் காலத்திலும் போகக்கூடாது. கூட்டத்தை விட்டு யாரும் பிரியக்கூடாது. நெருப்புப் பெட்டி கூடாது. கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். மலை குப்பைத் தொட்டி அல்ல.

பணத்துக்கு என்ன வழி?

இதுதான் பெரிய கேள்வி. சூளையில் கூலி வேலை செய்பவர், பிள்ளைக்காக மலையேற்றக் கட்டணம் கட்டமுடியுமா? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் கஷ்டம். ஆகவே, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் மலையேற்றத்தை அரசாங்கமே இலவசமாக நடத்தவேண்டும். மதிய உணவு கொடுத்த நாட்டில் இது பெரிய காரியம் அல்ல. ஊரில் தொழில் நடத்தும் முதலாளிகளும் ஒரு பஸ் ஏற்பாடு செய்யலாம். மண்ணில் சம்பாதிப்பவர்கள் மலைக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன?

"மலை ஏறினால் சோறு கிடைக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். உடனே கிடைக்காதுதான். ஆனால் மூச்சு வாங்க ஏறி, இடையில் உட்கார்ந்து, "இனி முடியாது" என்று சொல்லி, மறுபடியும் எழுந்து உச்சியைத் தொட்ட பிள்ளைக்கு ஒன்று புரியும். முடியாது என்று நினைத்தது முடியும் என்பதுதான் அது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சொத்து ஏது?

அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போது, தாத்தாவிடம் மறுபடியும் கேள்வி கேட்காது. அதுவே பதில் சொல்லும்:

"தாத்தா, நம்ம ஊர் மலை எங்கேயும் போகலை. ஆத்து மணலா கிடக்கு. அப்பா சுடுற அகல் விளக்குலே இருக்கு!"