தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து நான்காம் நாள். இடது கால் வலிக்கிறது என்றாள். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. வார்டுக்குச் சுற்று வந்தவர் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றபடி கேஸ் ஷீட்டில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் படித்தார். “வயல்ல நிக்கிற காலுதானே, இதுக்கெல்லாமா அழுவாங்க? புள்ள பெத்தா வீங்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அக்கா அதை இன்றுவரை மறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் வீட்டில் மூச்சு முட்டியது. காத்து கருப்பு பட்டிருக்கும் என்று அம்மா வேப்பிலை தேடினார். ஆட்டோ பிடித்து வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த பயிற்சி மருத்துவர் முதல் வேலையாக இரண்டு கால்களையும் அமுக்கிப் பார்த்தார். டேப் வைத்து அளந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். அக்கா பிழைத்தாள்.

ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் வருகிற சிக்கல் இது என்கிறது மருத்துவம். ஆனால் அதன் அடிப்படை எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. பேற்றின்போது அதிக ரத்தம் போய்விடாமல் காக்க, கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் உறையும் தன்மையை உடலே கூட்டிக்கொள்கிறது. பெருத்த கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதால் கால்களில் ரத்த ஓட்டம் மந்தமாகிறது. பெரும்பாலும் இடது காலில். அறுவை சிகிச்சை, படுத்த படுக்கை, நோய்த்தொற்று ஆகியவை சேர்ந்தால் ஆபத்து கூடும். பேறு முடிந்த முதல் ஆறு வாரங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. தாயை விட்டுவிட்டு எல்லோரும் குழந்தையைப் பார்க்கத் தொடங்குகிற காலம் அது.

இதே உறைவு மூளையின் சிரைகளிலும் நேரலாம். விடாத தலைவலி, பிறகு வலிப்பு. நம் ஊரில் அதற்கு ஜன்னி என்று பெயர், இல்லையென்றால் பேய். நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளை ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்த 135 பேரைப் பற்றி 1983இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ரத்தசோகையும், உடலில் நீர் வற்றுவதும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. பத்தியம் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கூலி வேலைக்குப் போகும் பெண் இந்தப் பள்ளத்திலிருந்துதான் கர்ப்பத்துக்குள் நுழைகிறாள்.

இந்த நோயைச் சந்தேகிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அவள் சொல்வதை நம்ப வேண்டும். அவள் காலைத் தொட வேண்டும். இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவில் 2 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தாலே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். நம்புவது, தொடுவது என்ற இந்த இரண்டையும்தான் சாதி காலங்காலமாக மறுத்து வந்திருக்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ சேவை பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வு, தொடுவதில்தான் பாகுபாடு மிகுதியாக வெளிப்படுகிறது என்று பதிவுசெய்தது. சட்டம் ஒழித்த தீண்டாமை ஸ்டெதஸ்கோப் நுனியில் உயிரோடு இருக்கிறது.

நம்ப மறுப்பது இங்கு மட்டும் நடப்பதல்ல. 2017இல் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் அமெரிக்காவில் சிசேரியனில் குழந்தை பெற்ற மறுநாள் அவருக்கு மூச்சு திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து மீண்டவர் அவர். சி.டி. ஸ்கேனும் ஹெப்பாரினும் வேண்டும் என்று அவரே கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுவதாகச் செவிலியர் நினைத்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டிகள் தெரிந்தன. உலகப் புகழும் பணமும் உள்ள கறுப்பினப் பெண்ணின் சொல்லுக்கே அந்த மதிப்புதான் என்றால், காலனித் தெருவிலிருந்து வந்த என் அக்காவின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

2018–20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மரணம் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இது பெருமைப்பட வேண்டிய வேறுபாடு. அரசு மருத்துவமனைகளும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் உழைத்துப் பெற்றது. ஆனால் அந்த 54 பேர் எந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள் என்று அந்தக் கணக்கு சொல்வதில்லை. அது மாநிலவாரியாகத்தான் வெளியாகிறது. சராசரியை வைத்துக்கொண்டு சமத்துவம் வந்துவிட்டது என்று பேச முடியாது. செத்துப்போகாமல் காலை இழந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. தாய்மரண ஆய்வுகளின் முடிவுகளைச் சாதிப் பிரிவுவாரியாக, பெயர்களை மறைத்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பேற்றுக்குப் பிந்தைய ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்துப் பதிவுசெய்வது கட்டாயமாக வேண்டும். ஒற்றைக் கால் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, விடாத தலைவலி, வலிப்பு இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதை வீடு திரும்பும் முன்பே தாய்க்கும் குடும்பத்துக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். பத்தியத்தின் பேரில் தண்ணீரை மறுக்கும் வழக்கத்தை நம் வீட்டுக்குள் நாமேதான் ஒழிக்க வேண்டும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வடிவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். தாயின் உடல் நாட்டின் பொறுப்பு என்ற அந்த வாதத்துக்கு நூறு வயதாகப் போகிறது.

அக்காவின் இடது கால் இன்றும் மாலையானால் வீங்கிவிடும். நாற்று நட அரை மணி நேரம்கூட அவளால் சேற்றில் நிற்க முடியாது. அவளுடைய கூலி போயிற்று. நான்காம் நாளே ஒரு கை அந்தக் காலைத் தொட்டிருந்தால் போயிருக்காது.