வட்டியில்லா வங்கிச் சேவை: இலாபக் கணக்கு சொல்வது என்ன?

வட்டி வாங்காத வங்கிக்கு இலாபம் எங்கிருந்து வரும் என்பது வாடிக்கையாளர் பலரும் எழுப்பும் வினா. வாடிக்கையாளர் கேட்கும் இயந்திரத்தை வங்கியே வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணையில் விற்பது முராபஹா. வாங்கிய பொருளைக் குத்தகைக்கு விடுவது இஜாரா. தொழிலின் இலாப நட்டத்தில் பங்கேற்பது முஷாரக்கா. வருவாய் இவற்றிலிருந்தே பிறக்கிறது.

அண்டை நாடான இலங்கை 2005-இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழிவிட்டது. 2011-இல் அமானா வங்கி முழுமையான வட்டியில்லா வங்கியாகத் தொடங்கியது. கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி ஆகியவை இதற்கெனத் தனிப் பிரிவுகளை நடத்துகின்றன. இத்தகைய பிரிவுகளின் இலாபத்தை நிதானித்தே மதிப்பிட வேண்டும். கிளை, ஊழியர், கணினிச் செலவுகளைத் தாய் வங்கி சுமந்தால், பிரிவின் இலாபம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

பன்னாட்டு நாணய நிதியத்தின் 2010-ஆம் ஆண்டு ஆய்வும் இரு பக்கத்தையும் காட்டிற்று. 2008 நெருக்கடியின் முதல் அடியை இஸ்லாமிய வங்கிகள் நன்றாகவே தாங்கின. ஆனால் 2009-இல், இடர் மேலாண்மையில் குறையிருந்த சில நாடுகளில், அவற்றின் இலாபம் மற்ற வங்கிகளைவிடக் கூடுதலாகச் சரிந்தது. ஆக, வட்டியின்மை தானாகவே வலிமையும் தராது, நலிவும் தராது.

இந்தியாவில் 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. 2008-இல் ரகுராம் ராஜன் குழுவும், 2015-இல் தீபக் மொஹந்தி குழுவும் வட்டியில்லாச் சேவையைப் பரிந்துரைத்தன. எல்லாக் குடிமக்களுக்கும் பரந்த, சமமான வாய்ப்பு இருக்கிறது என்ற காரணத்தால் அம்முன்மொழிவைத் தொடர்வதில்லை என 2017-இல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

அந்த வாய்ப்பின் மறுபக்கத்தை எம் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் காணலாம். அருகிலுள்ள தாராவியின் தோல் தொழிலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு பெரிது. வட்டியைத் தவிர்க்கும் வணிகர் ஒருவர் 10 இலட்சம் ரூபாயை நடப்புக் கணக்கில் வைத்திருப்பதாகக் கொள்வோம். விலைவாசி 5 விழுக்காடு உயர்ந்தால், ஓராண்டில் அதன் வாங்கும் திறன் ஏறத்தாழ 48,000 ரூபாய் குறையும். வங்கிக்கோ அது வட்டிச் செலவற்ற பணம்.

இந்த இடைவெளியில்தான் ஆபத்து நுழைகிறது. சமயநெறிக்கு உகந்த இலாபம் என்று கூறி ஆயிரக்கணக்கானோரிடம் பணம் திரட்டிய பெங்களூரின் ஐ.எம்.ஏ. குழுமம் 2019-இல் வீழ்ந்தது. வங்கி வைப்புக்கு இன்று 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அத்தகைய நிறுவனங்களில் போட்ட பணத்துக்கு அது இல்லை.

முழுமையான வட்டியில்லா வங்கிக்குச் சட்டத் திருத்தம் தேவை. ஆனால் கருவிக் குத்தகை, வங்கிகளுக்கு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட தொழிலே. தையல் இயந்திரம், தோல் வெட்டும் இயந்திரம் போன்றவற்றைச் சில கிளைகளில் குத்தகைக்கு வழங்கிப் பார்க்கலாம். சமயம் கேளாது எல்லாருக்கும் அக்கதவு திறந்திருக்க வேண்டும். பங்கிட்ட செலவுகளையும் வாராக்கடனையும் சேர்த்து, அதன் வரவு செலவைத் தனியே வெளியிட வேண்டும். இலாபம் வந்தால் விரிவாக்கலாம், வராவிட்டால் நிறுத்தலாம். முயன்று பாராமலே இலாபமில்லை என்று முடிவுகட்டுவது வணிக நெறியாகாது என்பதே என் கருத்து.