பாட்டெழுதினவருக்குப் பங்கு எங்கே?

காளிதேவி நாக்கில் எழுதியதால் காளிதாசனுக்குக் கவி வந்தது என்பது கதை. அந்தக் கதையைச் சினிமாவாக்கி, முதல் தமிழ்ப் பேசும்படம் என்று 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளியிட்டார்கள். அதற்குப் பாட்டெழுதிய மதுரகவி பாஸ்கரதாஸின் நாக்கில் எந்தத் தேவியும் எழுதவில்லை. விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தில் 1892-ல் வெள்ளைச்சாமியாகப் பிறந்தவர், நாடகக் கொட்டகையில் உழைத்துக் கற்ற வித்தை அது.

கதாநாயகன் தெலுங்கிலும் கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிலும் பேசிய அப்படத்தை ஜனங்கள் பாட்டுக்காக அல்லாமல் வேறு எதற்காகப் பார்த்திருப்பார்கள்? காளிதாசன் கதையில் காந்தியாரின் ராட்டினம் எப்படி வந்தது என்று கேட்கலாம். நாமும் கேட்போம். ஆனாலும் அந்தப் படத்தில் அன்றைய மனிதனுக்குச் சம்பந்தப்பட்டது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

மேடையில் இவர் பாட்டைப் பாடிச் சிறை சென்றவர் விஸ்வநாத தாஸ். அவர் நாவிதர் குலத்தவர் என்பதற்காக, அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். பாட்டு தேசத்துக்கு வேண்டும், பாடுகிறவன் மட்டும் தள்ளி நிற்க வேண்டுமாம்!

நிற்க, நம் தூத்துக்குடிக் கடலில் 1961 வரையில் நடந்த முத்துச் சலாபத்தை வயோதிகர்கள் அறிவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே, எடுத்த சிப்பியை மூன்று குவியலாக்கி, இரண்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு ஒன்றைக் குளித்தவனுக்குக் கொடுத்தது. கொள்ளைதான், ஆயினும் மூச்சடக்கியவனுக்கும் ஒரு பங்கு உண்டென்று ஒப்புக்கொண்ட கொள்ளை. சினிமா முதலாளிகளோ, “கூலி கொடுத்தாய்விட்டது, அப்புறம் பங்கேது?” என்றார்கள். 1977-ல் சுப்ரீம் கோர்ட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சினிமாப் பாட்டின் உரிமை படமெடுத்தவருக்கே என்று தீர்ப்புச் சொல்லிற்று.

2012 ஜூனில்தான் சட்டம் திருந்தியது. படக்கொட்டகைக்கு வெளியே பாட்டால் வரும் ராயல்டியில் எழுதினவருக்குச் சம பங்கு உண்டு, அதை அவரே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஏற்பட்டது. பாஸ்கரதாஸ் இறந்தது 1952 டிசம்பரில். ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரையில்தான் பதிப்புரிமை. ஆகவே அவருடைய உரிமை 2012 டிசம்பரோடு முடிந்தது. பழைய ஒப்பந்தங்களுக்கும் இது செல்லுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். செல்லும் என்றே வைத்தாலும், இவர் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஆறு மாதம்.

“காளிதாஸ்” படச்சுருளும் இன்று கிடையாது. பேரப்பிள்ளைகள் காப்பாற்றி அச்சிட்ட அவருடைய நாட்குறிப்புகள் இருக்கின்றன. நாகலாபுரம் தோழர்களாவது அதை வாங்கி, ஊர் வாசகசாலையில் வைப்பார்களா?