நீலகிரிப் புல்லும் பைக்காரா நீரும்

பைக்காரா ஆற்றின் நீரை மலைமேலிருந்து குழாய்களின் வழியே 3,000 அடிக்கும் அதிகமாகக் கீழே இறக்கி, சிங்காரா மின்நிலையத்தில் 1932ஆம் ஆண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது, கோயம்புத்தூர்ப் பிரதேசத்தின் வாழ்க்கையே வேறு திசையில் திரும்பியது. நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்புகள் வந்து அமர்ந்தன. சுதந்திரத்திற்குப்பின் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தேசம் அளித்த உதவியோடு குந்தா நீர்மின் திட்டமும் எழுந்து, நீலகிரியின் தென்மேற்குச் சரிவுகளிலிருந்து வரும் ஜலத்தையும் அணைகளில் தேக்கியது. நிலக்கரியை எரிக்காமல், புகையை எழுப்பாமல், மழையையும் மலையின் உயரத்தையும் மாத்திரம் மூலதனமாகக் கொண்டு மின்சாரம் எடுக்கும் வித்தையைத் தமிழ்நாடு நெடுங்காலத்திற்கு முன்பே கற்றுவிட்டது என்பதில் நாம் நியாயமாகவே பெருமை கொள்ளலாம்.

ஆனால் அந்த மழை ஆனியிலும் ஆடியிலும் பெய்து தீர்ந்துவிட, தை, மாசி, பங்குனி மாதங்களில் வானம் வறண்டிருக்கும்போதும் ஓடைகள் வற்றாமல் ஓடி அணைகளுக்கு வந்து சேர்கின்றனவே, அந்த நீரைச் சேமித்து வைத்து அளந்து அளந்து விடுவது எது என்ற கேள்வியை, மின்நிலையங்களைக் கட்டிய தலைமுறை போதிய சிரத்தையோடு கேட்கவில்லை. நீலகிரியின் மேட்டுப் பகுதியை இயற்கையாக மூடியிருந்தவை இரண்டு: மலை மடிப்புகளில் ஓடைகளை அணைத்தபடி அடர்ந்து நிற்கும் சோலைக்காடுகள், அவற்றைச் சூழ்ந்து சரிவுகள் முழுவதும் பரந்து கிடக்கும் புல்வெளிகள். சோலையின் அருமை பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடுகிறது. புல்லின் அருமை அப்படி விளங்குவதில்லை. தோடர்கள் தங்கள் எருமைகளை அந்தப் புல்லில் மேய்த்து, சதுப்பு ஓரத்துப் புல்லைக் கொண்டு தங்கள் கோயில்களை வேய்ந்து, அதைத் தங்கள் சமய வாழ்வின் அங்கமாகவே போற்றி வந்திருந்தும், வெளியிலிருந்து வந்து நிர்வாகம் செய்தவர்கள் அதை மரம் வளராத வெற்று நிலம் என்றே கணக்கெழுதினார்கள்.

அந்தக் கணக்கின் விளைவாக, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) புல்வெளிகளின்மேல் வரிசை வரிசையாக நடப்பட்டன. முதலில் விறகுக்காக, பின்பு தோல் பதனிடும் பட்டைக்காக, அதற்கும் பின்பு சிறுமுகையிலிருந்த ரேயான் கூழ் ஆலைக்காக என்று காரணங்கள் காலந்தோறும் மாறினவேயொழிய, புல்லை அழித்து மரம் வைப்பது விருத்தி என்ற எண்ணம் மாறவில்லை. நட்டவர்கள் தீய எண்ணத்தோடு நட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காடு பெருகினால் மழை பெருகும், மழை பெருகினால் நீர் பெருகும் என்று அவர்கள் உளமார நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அளந்து பார்க்க ஒருவர் முன்வரும்வரை அது நம்பிக்கையாகவே இருந்தது.

அளந்து பார்க்க முன்வந்தவர்கள் உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். பைக்காரா திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு அண்டையில், கிளென்மார்கனில், ஏறக்குறைய ஒரே பரப்புள்ள, ஒரே வகையான இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். 1968ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இரண்டையும் தொடாமல், இரண்டின் ஓடைகளிலும் வரும் நீரை மாத்திரம் பொறுமையாக அளந்து, ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தை நிச்சயித்துக்கொண்டார்கள். பின்பு 1972இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதன் பரப்பில் ஐந்தில் மூன்று பங்கிற்குக் கற்பூர மரம் நட்டு, மறுபடியும் அளக்கத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்துவிட்டது. மரங்களை வெட்டி, வேர்க்கட்டையிலிருந்து மறுதழைவு விட்டு வளரவைத்த இரண்டாவது சுற்றில் அந்தக் குறைவு ஏறத்தாழக் கால் பங்கை எட்டியது. கோடையில் ஓடையை உயிரோடு வைத்திருக்கும் ஊற்றுநீரும் குறைந்தது என்பதே அந்த அளவீட்டில் மிகவும் கவலைக்குரிய செய்தி. ஏனெனில் மின்நிலையத்திற்கும் சரி, மோயாற்றின் வழியாகவும் பவானியின் வழியாகவும் அந்த நீர் சென்றடையும் கீழ்பவானிப் பாசனத்தின் சுமார் 2 லட்சம் ஏக்கருக்கும் சரி, மழைக்காலத்து வெள்ளத்தைவிடக் கோடைக்காலத்துச் சிற்றோடை அருமையானது.

காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. மலைப்புல்லின் வேர் ஆழம் போகாது. பனிக்காலத்திலும் வறட்சியிலும் அது காய்ந்து ஒடுங்கி, தான் அருந்தும் நீரைத் தானே குறைத்துக்கொள்கிறது. கற்பூர மரமோ ஆழ வேரூன்றி, பன்னிரண்டு மாதமும் பச்சையாக நின்று, மண்ணின் அடியிலுள்ள ஈரத்தை இலைகளின் வழியே ஆகாயத்திற்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மரம் வளர்ந்தால் நீர் வளரும் என்ற பொதுவாக்கு எல்லா நிலத்திற்கும் பொருந்தாது என்பதற்கு நமது மலையிலேயே, நமது விஞ்ஞானிகளாலேயே, இருபது ஆண்டுக்கால அளவீட்டால் கிடைத்த நிரூபணம் இது.

இந்தப் புல்வெளிகள் மனிதன் காட்டை எரித்ததால் உண்டானவைதாமே, அவற்றில் மரம் நடுவது பழைய காட்டை மீட்பதுதானே என்று சிலர் வாதிட்டதுண்டு. அதற்கும் ஆராய்ச்சி விடையளித்திருக்கிறது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த மட்கை அடுக்கடுக்காக எடுத்து, அதிலுள்ள கரிமத்தின் இயல்பைச் சோதித்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்ட முடிவுகள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டின. உழவும் உலோகமும் அம்மலையை எட்டுவதற்கு எவ்வளவோ காலத்திற்கு முன்பே இருந்த புல்லை, மனிதன் செய்த பிழையின் மிச்சம் என்று சொல்ல இடமில்லை.

பழனி மலையிலும் இதே கதைதான். செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் அம்மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, பெரும்பாலும் அயல் மரத் தோட்டங்களுக்கும் ஓரளவு விவசாயத்திற்கும் இரையாகிவிட்டதாகக் கணக்கிட்டது. புல்வெளியையே நம்பி வாழும் வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் இடம் இழந்தன. நடவு நின்றபின்னும் சீகை நிற்கவில்லை. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து, தீயோ வெட்டோ பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கிறது.

இவ்வளவு அறிந்த பின்னும் நமது அரசாங்கக் கணக்கு முறை திருந்தவில்லை என்பதே என் முக்கியமான புகார். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரங்களின் தழைமூடல் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் இருந்தால், அது எந்த மரமாயினும், இயற்கைக் காடாயினும் தோட்டமாயினும், இந்திய வன அளவைத் துறை அதைக் காட்டுப்பரப்பு என்றே பதிவு செய்கிறது. ஆகவே ஒரு வரையாட்டுப் புல்வெளியைச் சீகை விழுங்கினால், ஏட்டில் நாட்டின் காடு வளர்ந்ததாகிறது. 2030ஆம் ஆண்டுக்குள் மரங்களைப் பெருக்கி 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக ஈர்ப்பதாக உலகத்தின் முன் இந்தியா வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கு நல்ல வாக்கு. ஆனால் அதை நிறைவேற்றும் அவசரத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் புல்வெளிகள் குழிகளாலும் கன்றுகளாலும் நிரம்பிவிடக் கூடாது. புல்வெளியின் கரிமம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளே இருப்பதால், மரத்தை எண்ணுகிற கண்ணுக்கு அது தெரிவதில்லை.

வெற்று நிலம் என்ற அதே கணக்கில் மேடுகளில் நிறுவப்படும் காற்றாலைகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மஹாராஷ்டிரத்தின் சதாரா ஜில்லாவில் சால்கேவாடி பீடபூமியிலுள்ள காற்றாலைகளை ஆராய்ந்து மரியா தாக்கர் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆலைகள் உள்ள இடங்களில் இரைகொல்லிப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, அவற்றிற்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகி, அவ்வோணான்களின் நடத்தையும் உடற்கூறும்கூட மாறியிருந்தன. இதனால் காற்றாலையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயமன்று. நிலக்கரியால் விளையும் கேடு இதைவிடப் பன்மடங்கு பெரிது. வெற்று நிலம் என்று நாம் எழுதிவைத்த இடங்களிலும் ஜீவராசிகளின் ஓர் ஒழுங்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்து, உழுதும் கெடுத்தும் பழகிய நிலங்களை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் சீகைத் தோட்டத்தை ஒரேயடியாக மொட்டையடித்துவிட்டால் புல் திரும்பி வந்துவிடும் என்று எண்ணுவது, மரம் நட்டால் நீர் வரும் என்று எண்ணியதைப் போன்ற இன்னொரு அவசரமாகிவிடும். முதிர்ந்த சில தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே கோடரி பொறுத்திருக்கலாம். மிஞ்சியிருக்கும் புல்வெளிகளின் ஓரத்தில் புதிதாகப் பரவும் இளஞ்சீகையைத்தான் முதலில் களைய வேண்டும். எந்த முறை எந்தச் சரிவில் பலிக்கிறது என்பதை, கிளென்மார்கனில் செய்ததைப்போல் வருஷக்கணக்கில் அளந்துதான் அறிய முடியும்.

எனவே அரசை நான் வேண்டுவது இரண்டு. காட்டுப்பரப்புக் கணக்கில் இயற்கைப் புல்வெளிக்குத் தனி இனம் ஒன்றை ஏற்படுத்தி, அதில் மரம் நடுவதைச் சாதனையாக எண்ணுவதை நிறுத்தும்படி மத்திய அரசை மாநில அரசு வற்புறுத்த வேண்டும். அயல் மரங்களை அகற்ற ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, அகற்றிய சரிவுகளின் கீழுள்ள ஓடைகளை இருபது ஆண்டுகள் அளப்பதற்கென்று இன்றே ஒதுக்கி, அந்த முடிவுகளை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, நீலகிரி மக்களின் கையிலும் கீழ்பவானி விவசாயிகளின் கையிலும் கொடுக்க வேண்டும்.