நோயாளியின் சொல்லும் ஓர் அளவையே

"எனக்கு மூச்சு வாங்குகிறது, பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது" என்று ஒருவர் சொல்கிறார். இதை அளக்க முடியுமா? முடியும், அளக்கவும் வேண்டும் என்பது என் கருத்து.

புகை முதலியவற்றால் நுரையீரலின் காற்றுக் குழாய்கள் குறுகிப்போகும் நாட்பட்ட நோய் ஒன்று உண்டு. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழி அடைபட, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று நின்று வருவது மற்றொரு நோய். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நிலையை 1985-ல் எடின்பரோ மருத்துவர் டேவிட் ஃபிளென்லி தனியே எடுத்துக் காட்டினார். இத்தகையோருக்கு இரவில் இரத்தத்தின் பிராணவாயு மிகவும் குறைகிறது.

எத்தனை முறை மூச்சு நின்றது, பிராணவாயு எவ்வளவு குறைந்தது என்று கருவிகள் காட்டிவிடும். ஆனால் கருவி ஒரே எண்ணைக் காட்டும் இருவரில் ஒருவர் சுறுசுறுப்பாக இருப்பார். மற்றவர் வேலையிடத்திலேயே கண்ணயர்வார். இந்த வேறுபாட்டை எந்தக் கருவி சொல்லும்?

இதற்காகவே வினாத்தாள்கள் பிறந்தன. 1991-ல் மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் எட்டுச் சூழ்நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொன்னார். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி என்று பொருள். 1992-ல் லண்டனில் பால் ஜோன்ஸ் குழுவினர் நுரையீரல் நோயாளிகளுக்காக 100 மதிப்பெண் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். அதில் 4 குறைந்தாலே நோயாளி உணரத்தக்க முன்னேற்றம் எனக் கொள்கின்றனர்.

"உணர்ச்சி ஆளுக்கு ஆள் மாறுமே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சுழிப்பிழையுள்ள வெர்னியர் அளவியை எண்ணிப் பாருங்கள். அதைக் கொண்டு எடுத்த இரு அளவுகளின் வித்தியாசத்தில் அப்பிழை கழிந்துவிடுகிறதல்லவா? அதுபோல ஒருவரின் மதிப்பெண்ணை மற்றவருடையதோடு ஒப்பிடாமல், அவருடைய முந்தைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இக்குறை பெருமளவு நீங்கும்.

இரு நோய்களும் சேர்ந்தவருக்கு ஒரு வினாத்தாள் போதாது. ஒன்று தூக்கத்தையும் மற்றொன்று மூச்சுத் திணறலையும் அளக்கிறது. களைப்போ இரண்டாலும் வரலாம்.

இரவில் முகமூடி வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிகிச்சை 1981 முதல் உண்டு. கருவியின் எண் சீரானதும் மருத்துவர் திருப்தியடையக்கூடும். ஆனால் நோயாளிக்குப் பகலில் சிறிதும் தேறவில்லையெனில், அவர் ஒருநாள் முகமூடியைக் கழற்றி வைத்துவிடுவார். அவரைக் கேட்காமல் இதை முன்கூட்டி எப்படி அறிவது? ஆகவே மருத்துவ அறிக்கையில் கருவியின் எண்ணுக்குப் பக்கத்தில் நோயாளி இட்ட மதிப்பெண்ணும் இடம்பெற வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா உரக்கக் குறட்டை விட்டால் சிரிக்காதீர்கள். இடையில் மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். பகலில் எப்படி இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.